முன் டயரை மாத்தறதுக்கு முன்னாடி தேஞ்ச டயரைத் தடவிப் பாரு

தம்பி, முன் டயர் ரெண்டும் 18,000 கிலோமீட்டர்லயே மொட்டையாயிடுச்சு, பின் டயர்ல பட்டன் நல்லாவே இருக்கு, வண்டியோட வந்த டயரே மட்டம் போலன்னு போன்ல சொன்னே. புதுசு ரெண்டு போடச் சொல்லிக் கடையில பேசிட்டேன்னும் சொன்னே. கொஞ்சம் பொறு. அந்தப் பழைய டயரைக் கழட்டிக் கொடுத்துட்டா, ஏன் தேஞ்சதுங்கறதுக்கு நம்மகிட்ட இருக்கற ஒரே சாட்சியும் போயிடும். காரணத்தைக் கண்டுபிடிக்காமப் புதுசு போட்டா, அதுவும் இதே கணக்குல தேஞ்சு முடியும். அலைன்மென்ட் பட்டறையில உக்காந்து தினமும் நான் பாக்கறது இதைத்தான்: டயரை மாத்திக்கிட்டே இருப்பாங்க, வண்டியை யாரும் பாக்க மாட்டாங்க.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. முன் டயர் பின் டயரை விட சீக்கிரம் தேயறது இயல்புதான். உன் வண்டி மாதிரி விர்டஸ் 1.5, ஸ்லாவியா 1.5, வெர்னா டர்போ எல்லாமே முன் சக்கரம் இழுக்கற வண்டிங்க. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னாடி இருக்கறதால எடையில 60 சதவீதத்துக்குப் பக்கமா முன் சக்கரங்க மேலதான். வண்டியை இழுக்கறதும் அந்த ரெண்டு டயர்தான், திருப்பறதும் அதுதான், பிரேக் போட்டா பெரும்பாரத்தைத் தாங்கறதும் அதுதான். விர்டஸ், ஸ்லாவியாவுல வர்ற 1.5 டிஎஸ்ஐ எஞ்சின்ல 250 நியூட்டன் மீட்டர் டார்க் 1,600 ஆர்பிஎம்லயே வந்து நிக்குது. முதல் கியர்ல காலை ஊனினா அத்தனையும் ரெண்டு உள்ளங்கை அகல ரப்பர் வழியாத்தான் ரோட்டுக்கு இறங்கணும். அதனால பின்னாடி 1 மில்லிமீட்டர் தேயறதுக்குள்ள முன்னாடி 2 மில்லிமீட்டர் தேஞ்சிருந்தா நான் பதற மாட்டேன். ஆனா அந்தத் தேய்மானம் டயர் அகலம் முழுக்க ஒரே மாதிரி இருக்கணும்.

உன் கணக்கு அப்படி இல்ல. புது டயர்ல பட்டன் ஆழம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி 1.6 வந்துட்டா மாத்தியாகணும். தேய்க்கறதுக்கு நம்ம கையில இருக்கறது சுமார் 6 மில்லிமீட்டர். அது 18,000-ல காலின்னா, 3,000 கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் போயிருக்கு. சென்னை, செங்கல்பட்டுன்னு ஆபீஸ் போய் வர்ற வண்டிக்கு இது ரொம்ப ஜாஸ்தி.

சரி, இப்போ வெளிய போய் வண்டியைப் பாரு. ஸ்டியரிங்கை முழுசா ஒரு பக்கம் ஒடிச்சு வை, அப்போதான் டயரோட உள் ஓரம் தெரியும். நேரா நிக்கற வண்டியைக் குனிஞ்சு பாத்தா வெளி ஓரமும் நடுவும்தான் கண்ணுக்குப் படும். உள்ளே கம்பி தெரியற டயரோட கூட ஆளுங்க ஹைவேல போய்க்கிட்டு இருக்காங்க. பட்டன் ஆழம் பாக்கற கேஜ் ஒண்ணு வாங்கிக்கோ, சின்ன சாமான்தான். ஒவ்வொரு டயர்லயும் உள் ஓரம், நடு, வெளி ஓரம்னு மூணு இடத்துல அளந்து எழுது. அப்புறம் உள்ளங்கையை டயர் மேல குறுக்கால வச்சு, உள்ளேர்ந்து வெளிய ஒரு தடவை, வெளியேர்ந்து உள்ள ஒரு தடவை மெதுவாத் தடவு. கம்பி நீட்டிட்டிருக்கான்னு முதல்ல பாத்துக்கோ, கை கிழிஞ்சிடப் போகுது. ஒரு திசையில வழுவழுன்னும் எதிர்த் திசையில ரம்பப் பல்லு மாதிரியும் கையில பட்டா, டயர் நேரா உருளல, கோணலா இழுபட்டுக்கிட்டே ஓடியிருக்குன்னு அர்த்தம். அந்தக் கோணல்தான் டோ.

ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நல்லா இருந்தா காத்து குறைவா ஓடியிருக்கு. நடு மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம். அங்கங்க பள்ளம் பள்ளமா, ஓடறப்போ ஊங்காரம் போடற மாதிரி இருந்தா ஷாக் அப்சார்பரைப் பாக்கணும், இல்லன்னா பேலன்சிங். ஒரு ஓரம் மட்டும்னா அலைன்மென்ட் பக்கம் வா.

காத்து விஷயம் சாதாரணமாத் தெரியும், ஆனா பாதிப் பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. டிரைவர் கதவைத் திறந்தா தூண்லயோ, பெட்ரோல் மூடிக்கு உள்பக்கமோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல சாதாரண லோடுக்கு ஒரு அளவு, அஞ்சு பேரும் லக்கேஜும் ஏறினா ஒரு அளவு. அந்த அளவெல்லாம் டயர் ஆறி இருக்கறப்போ வைக்க வேண்டியது. நீ ஆபீஸ் விட்டு ஜிஎஸ்டி ரோட்டுல முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு பங்க்ல நிறுத்துவே. சூட்டுல 3, 4 பிஎஸ்ஐ ஏறி இருக்கும். பையன் மிஷின்ல 32-ன்னு செட் பண்ணிட்டு வால்வுல மாட்டினா, மிஷின் உள்ளே இருக்கற காத்தைப் புஸ்ஸுன்னு வெளிய விட்டு 32-க்குக் கொண்டு வந்துடும். மறுநாள் காலையில பாத்தா 28. அதோட ரெண்டு வாரம் ஓட்டறே, திரும்பவும் சூட்டோட போய் நிக்கறே. ரெண்டு ஓரமும் தேய இது போதும். சொந்தமா ஒரு காத்து கேஜ் வச்சுக்கோ, காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பாரு. பங்க் பக்கத்துல இருந்தா நல்லது. தூரம்னா குறையற பிஎஸ்ஐயை வீட்டுலயே குறிச்சுக்கிட்டுப் போய் அத்தனை மட்டும் ஏத்தச் சொல்லு.

வெயில் காலத்துல காத்தைக் குறைச்சு வைன்னு யாராவது சொன்னா கேக்காதே. காத்து குறைஞ்ச டயர்தான் அதிகமா மடங்கி மடங்கிச் சூடாகும், வெடிக்கறதும் அதுதான். டேஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கு இருக்கேன்னு நினைச்சுக்காதே. நிறைய வண்டியில அது நேரா காத்தை அளக்கறது இல்ல. சக்கரங்க சுத்தற வேகத்தை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்குது. நாலும் சேர்ந்து மெதுவா இறங்கினா அது சும்மாதான் இருக்கும். நைட்ரஜன் போட்டுட்டா செக் பண்ண வேண்டாங்கறதும் சரியில்ல. சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

இனி அலைன்மென்ட். இதை நிதானமாப் படி.

டோ கோணல் எவ்வளவு சின்னதா இருந்தாலும் டயர் அதுக்குக் காசு கட்டும். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பி நின்னா, 1 கிலோமீட்டர் ஓடறதுக்குள்ள கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டுல ரோட்டை உரசும். 10,000 கிலோமீட்டர்ல 87 கிலோமீட்டர் தூரம் ரப்பரைத் தார்ல வச்சுத் தேய்ச்ச கணக்கு. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கலையே, அலைன்மென்ட் சரியாத்தானே இருக்கும்னு நீ கேப்பே. டோ கெட்டா வண்டி இழுத்தே ஆகணும்னு இல்ல. ரெண்டு சக்கரமும் அந்தக் கோணலைச் சமமாப் பங்கு போட்டுக்கிட்டு வண்டியை நேராவே ஓட்டும். அதனாலதான் டோ கெட்டா ரெண்டு டயரும் ஒரே மாதிரி தேயும்: முன்பக்கம் வெளிய விரிஞ்சிருந்தா ரெண்டுலயும் உள் ஓரம், உள்ள கூடியிருந்தா ரெண்டுலயும் வெளி ஓரம். ஒரே ஒரு டயர்ல மட்டும் உள் ஓரம் போயிருந்தா கதை வேற. அது பெரும்பாலும் கேம்பர், அதாவது சக்கரம் தலை உள்பக்கம் சாஞ்சு நிக்கறது. பள்ளத்துல விழுந்து ஏதோ ஒண்ணு வளைஞ்சிருக்கு. இந்த மாதிரி வண்டிங்கள்ல முன் கேம்பரைத் திருகித் திருத்த பெரும்பாலும் வழி கிடையாது. ஸ்ட்ரட், நக்கிள், லோயர் ஆர்ம் இதுல எது வளைஞ்சதோ அதை மாத்தணும். ‘கேம்பர் கொஞ்சம் ரெட்ல இருக்கு சார், ஒண்ணும் ஆகாது’ன்னு பட்டறையில சொன்னா விட்டுட்டு வராதே.

அலைன்மென்ட் பண்ணி மூணு மாசம்தான் ஆச்சு, மிஷின் கொடுத்த பிரின்ட்ல எல்லா அளவும் பச்சையா இருக்கு, ஆனாலும் உள் ஓரம் தேயுதுன்னு நிறைய பேர் வருவாங்க. மிஷின் நிக்கற வண்டியைத்தான் அளக்கும். லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருந்தா, நிக்கறப்போ சக்கரம் தன் இடத்துல இருக்கும். பிரேக் போட்டதும் புஷ் நசுங்கிச் சக்கரம் பின்னால தள்ளப்பட்டு டோ மாறிடும், ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா எதிர்ப்பக்கம் மாறும். சிக்னலுக்குச் சிக்னல் இதே கூத்துதான். அதனால அலைன்மென்டுக்கு முன்னாடி வண்டியைத் தூக்கி, டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ் மூணையும் கம்பி போட்டு நெம்பிப் பாக்கச் சொல்லு. நீயும் பக்கத்துல நின்னு பாரு. ஆட்டம் இருந்தா முதல்ல அதை மாத்து. ஆட்டத்தோட பண்ற அலைன்மென்டுக்குக் கொடுக்கற காசு வீண்.

மிஷின்ல ஏத்தறப்போ டயர்ல காத்து சரியா இருக்கணும், டிக்கில சாமான் இருக்கக்கூடாது, ஸ்டியரிங்கை நடுவுல நிறுத்தி லாக் போடணும். பண்றதுக்கு முன்னாடி எடுத்த அளவு, பண்ணின பின்னாடி எடுத்த அளவு ரெண்டும் இருக்கற பிரின்டைக் கேட்டு வாங்கு. ‘முன்னாடி’ங்கற அளவுதான் உனக்கு முக்கியம், டயர் ஏன் போச்சுங்கறதுக்கு பதில் அதுலதான் இருக்கு. நிறைய இடத்துல கடைசிப் பச்சையை மட்டும் காட்டி அனுப்பிடுவாங்க. வண்டியை இறக்கற ஸ்பிரிங் போட்டா அழகா இருக்கும்னு போன வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தியே, போட்டுட்டியா? போட்டிருந்தா அப்பவே கேம்பரும் டோவும் மாறியிருக்கும். அதுக்கப்புறம் அலைன்மென்ட் பண்ணலைன்னா காரணத்தை வேற எங்கயும் தேட வேண்டாம்.

டயரை முன்னும் பின்னும் மாத்தற ரொட்டேஷனை 8,000-லேர்ந்து 10,000 கிலோமீட்டருக்குள்ள பண்ணிடு. நீ 18,000 வரைக்கும் ஒரு தடவையாவது பண்ணியிருந்தா முன்னாடி இவ்வளவு மோசமாப் போயிருக்காது. முன் சக்கர டிரைவ் வண்டிக்கு முன் டயர் ரெண்டும் அதே பக்கத்துல நேரா பின்னாடி போகும், பின் டயர் ரெண்டும் இடம் வலம் மாறி முன்னாடி வரும். டயர்ல ஓட்டற திசைக்கு அம்புக்குறி இருந்தா குறுக்க மாத்தக் கூடாது, அதே பக்கத்துலயே முன்னும் பின்னும் மட்டும்தான். முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ் போட்ட வண்டிங்களுக்கு இந்த வழியே இல்ல.

ஓட்டற விதத்தைப் பத்தி அதிகம் சொன்னா கோவிச்சுக்குவே. ஆனாலும் சொல்றேன். பச்சை விழுந்ததும் காலை ஊனறப்போ டேஷ்போர்டுல வண்டி வழுக்கற மஞ்சள் விளக்கு மின்னுதுன்னா, டயர் ரோட்டுல சுத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பார்க்கிங்ல வண்டி நகராம ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பற பழக்கமும் முன் டயரைத்தான் அரைக்கும். ஒரு துளி நகர விட்டுத் திருப்பு. கொல்லிமலைக்குப் போறது ஆசைதான், ஆனா அங்க 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் வேகமா நுழைஞ்சா வெளி ஓரம் கண்ணுக்கு முன்னாடியே தேயும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறை, வண்டி நேராக ஆரம்பிச்சதும் மிதி. நீ நினைக்கற அளவுக்கு நேரம் ஒண்ணும் கூடாது, பின்சீட்ல பாப்பாவுக்கும் குமட்டாது.

இதெல்லாம் பாத்து முடிச்ச பிறகு டயர் வாங்கு. உன் வண்டிக்கு 205/55 ஆர்16, 91வி. சைஸையும் அந்தக் கடைசி எண்ணையும் எழுத்தையும் குறைக்காதே. பக்கவாட்டுல ட்ரெட்வேர்னு ஒரு எண் போட்டிருந்தா பாரு. 200, 300-ன்னா மிருதுவான ரப்பர், பிடிமானம் அருமை, ஆயுள் கம்மி. 400, 500-ன்னா நாள்பட உழைக்கும். எண் பெருசா இருக்கறதை மட்டும் பாத்து எடுக்காதே, ஐப்பசி மழையில ஈசிஆர்ல பிரேக் போட வேண்டியிருக்கும். உன் ஓட்டத்துக்கு 300-க்கு மேல ஒரு நல்ல ஈரப் பிடிமானம் உள்ள டயர் சரியா இருக்கும்னு எனக்குத் தோணுது. தயாரிச்ச தேதி நாலு எண்ணா இருக்கும்: முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்.

ரெண்டு மட்டும் வாங்கினா புதுசைப் பின்னாடி போடு. கடைக்காரர் முன்னாடிதான் போடணும்பார், நீ விடாதே. மழையில முன் டயர் வழுக்கினா காலை எடுத்ததும் வண்டி பெரும்பாலும் கட்டுக்குள்ள வந்துடும். பின் டயர் வழுக்கினா வண்டி அப்படியே சுத்திடும், அதைப் பிடிச்சு நிறுத்தறது பழகின டிரைவருக்கே கஷ்டம். உன் பின் டயர்ல இன்னும் பட்டன் இருக்கு, அது முன்னாடி வரட்டும்.

மாத்தின அன்னைக்கு ஓடின கிலோமீட்டரையும், நாலு டயர்லயும் எடுத்த மூணு மூணு அளவையும் எழுதி பிரின்டோட சேர்த்து டேஷ்போர்டு பெட்டியில வை. 2,000 கிலோமீட்டர் ஓடின பிறகு முன் ரெண்டை மட்டும் திரும்ப அள. உள் ஓரமும் வெளி ஓரமும் சமமாக் குறைஞ்சிருந்தா நிம்மதி. ஒரு ஓரம் அரை மில்லிமீட்டர் முந்தியிருந்தா அப்பவே அதே பட்டறைக்குப் போய் பிரின்டைக் காட்டு, எனக்கும் ஒரு போட்டோ அனுப்பு. இப்போ கழட்டற பழைய ரெண்டையும் உடனே தூக்கிப் போட்டுடாதே. எது இடது, எது வலதுன்னு சாக்பீஸ்ல எழுதி, உள் ஓரம் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. பாத்துட்டுச் சொல்றேன்.