சுல்தான் ஸலாஹுத்தீன்: கதையும் சரித்திரமும்

இரவில் பாயை விரித்ததும், "வாப்பா, ஒரு ராஜா கதை சொல்லுங்க" என்று கேட்காத பிள்ளை நம் வீடுகளில் இல்லை. நாமும் பெரும்பாலும் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களின் கதையைத்தான் எடுக்கிறோம். குதிரை வருகிறது, வாள் வருகிறது, கோட்டை விழுகிறது, பைத்துல் முகத்தஸ் மீட்கப்படுகிறது. பிள்ளையும் தூங்கிவிடுகிறது. கதை அங்கே முடிந்துவிடுவதுதான் நமக்குக் குறையாகப் படுகிறது. கோட்டையைப் பிடித்தவர்கள் சரித்திரத்தில் ஏராளம். பிடித்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதல்லவா நாம் படிக்க வேண்டிய பாடம்?

இவரைப் பற்றி எதிரிகளே கதை கட்டினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இத்தாலியக் கவி தாந்தே, தம் காவியத்தில் பண்டைய ரோம, கிரேக்கப் பெருமக்கள் இருக்கும் இடத்தில், ஒதுங்கித் தனியே நிற்பவராக ஸலாஹுத்தீனைக் காட்டுகிறார். (அதே காவியத்தில் ஒரு முஸ்லிம் படித்தால் நெஞ்சு கொதிக்கும் பகுதியும் உண்டு. அது வேறு பேச்சு.) பொக்காச்சியோவின் கதைகளில் இவர் வருகிறார். ஜெர்மானியர் லெஸ்ஸிங் 1779-ல் வெளியிட்ட நாடகத்திலும், ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் ஸ்காட் 1825-ல் வெளியிட்ட நாவலிலும் வருகிறார். ஸ்காட்டின் நாவலில் சுல்தான் ஹகீம் வேடத்தில் எதிரியின் கூடாரத்துக்கே போய், நோயுற்ற ரிச்சர்டு மன்னருக்கு வைத்தியம் பார்க்கிறார்! நடக்காத செய்தி, ஆனாலும் எழுதியவருக்கு அப்படி எழுதத் தோன்றியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையையும் பாருங்கள். இத்தனை நற்குணம் ஒரு முஸ்லிமிடம் எப்படி வந்தது என்பதை பழைய பிரெஞ்சுக் கதைக்காரர்களால் ஜீரணிக்க முடியவில்லை. ஒருவர், சிறைப்பட்ட கிறிஸ்தவப் பிரபு ஒருவரிடம் சுல்தான் வீரப்பட்டம் பெற்றதாக எழுதினார். இன்னொரு கதையோ, அவர் வமிசத்திலேயே ஒரு பிரெஞ்சுச் சீமாட்டியைப் புகுத்திவிட்டது! திக்ரீத்தில் குர்து குடும்பத்தில், நஜ்முத்தீன் ஐயூபின் மகனாகப் பிறந்தவருக்கு இப்படி ஓர் உறவுமுறை.

கதையை விட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். 1099 ஜூலையில் சிலுவைப் படையினர் பைத்துல் முகத்தஸைப் பிடித்தபோது, நகரிலிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெட்டினார்கள். எண்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்து, ஹித்தீன் போரில் வென்ற சுல்தான் அதே நகரின் வாசலில் நின்றார். ஹிஜ்ரி 583 ரஜப் 27, அதாவது 1187 அக்டோபர் 2-ல் நகரம் பணிந்தது. பழிக்குப் பழி வாங்க அவருக்கு ஆள்பலமும் இருந்தது, காரணமும் இருந்தது. வாளால் எடுத்த நகரை வாளால்தான் திரும்ப எடுப்பேன் என்ற எண்ணத்தோடுதான் அவரும் வந்தார். ஆனால் நகரைக் காத்து நின்ற பாலியன் பேச்சுக்கு வந்தபோது, உடன்படிக்கைக்கு இணங்கினார். ஆணுக்குப் பத்து தீனார், பெண்ணுக்கு ஐந்து, குழந்தைக்கு ஒன்று. நாற்பது நாள் தவணை. ஏழைகளில் ஏழாயிரம் பேருக்காக மொத்தமாக முப்பதாயிரம் தீனார். பணம் கட்டியவர்கள் பொருள்களோடு வெளியேறினார்கள். சுல்தானின் சகோதரர் அல் ஆதில் ஆயிரம் ஏழைகளைத் தமக்கெனக் கேட்டு வாங்கி, அல்லாஹ்வுக்காக விடுதலை செய்தார். முதியோரைச் சுல்தானும் பணமின்றி அனுப்பினார். அப்படியும் பணம் கட்ட வழியில்லாமல் அடிமைகளானவர்கள் பல்லாயிரம் பேர். இதை மறைத்துக் கதை சொல்வது நேர்மையாகாது. அக்காலப் போர் வழக்கு அதுதான். அந்த வழக்கைச் சுல்தான் முழுவதும் கடந்துவிடவில்லை. ஆனால் 1099-ல் தெருக்களில் ஓடிய இரத்தம் 1187-ல் ஓடவில்லை.

இந்தக் கருணைக்கு அவர் விலையும் கொடுத்தார். இது நம் கதைகளில் வருவதே இல்லை. பிடித்த ஊர்களிலிருந்தெல்லாம் அபயம் கொடுத்து அனுப்பிய ஃபிரங்கிகள் கடற்கரையிலுள்ள ஸூர் கோட்டையில் போய்க் கூடினார்கள். ஹித்தீனில் சிறைப்பட்ட கீ மன்னரை, இனிப் போர் செய்வதில்லை என்ற சத்தியத்தின்மேல் 1188-ல் விடுவித்தார். அந்த மன்னர் மறு ஆண்டே அக்கா நகரை முற்றுகையிட்டார். இரண்டு ஆண்டு போராடி, 1191-ல் அக்கா கைவிட்டுப் போயிற்று. அங்கே சரணடைந்த முஸ்லிம் கைதிகளில் சுமார் 2,700 பேரை ரிச்சர்டு வெட்டிக் கொன்றார். வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர், ஸூர் பலப்பட்டதற்குச் சுல்தானின் தாராளமே காரணம் என்று குறை சொல்கிறார். ராஜ தந்திரக் கணக்கில் அவர் சொல்வது சரிதான் என்றே நமக்கும் தோன்றுகிறது. ஆனால் அபயம் கொடுத்த வாயால் அதை மறுப்பது எப்படி? நாட்டை இழக்கலாம், வாக்கை இழக்கலாகாது என்று நினைப்பவருக்கு இத்தகைய நஷ்டம் வரத்தான் செய்யும்.

அவர் தவறே செய்யாதவர் என்பதில்லை. ஹித்தீனில் சிறைப்பட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் போர்த் துறவிகளைக் கொல்ல உத்தரவிட்டவர் அவரே. சமாதான காலத்தில் வணிகர் கூட்டத்தைக் கொள்ளையடித்த ரெனால்டைத் தம் கையாலேயே வெட்டினார். அதற்காவது வாக்குமீறல் என்ற காரணம் இருந்தது. ஹலப், மோசுல் ஆட்சியாளர்களான முஸ்லிம்களோடு போரிட்டும் பல ஆண்டுகள் கழித்தார். மலக்குகளைப் பற்றியல்ல, அதிகாரம் கையிலிருந்த ஒரு மனிதரைப் பற்றியே நாம் படிக்கிறோம்.

அந்த அதிகாரம் ஒருநாள் காழியின் முன்னே வந்து உட்கார்ந்தது. அந்தக் காழியே பிற்பாடு இதை எழுதி வைத்தார்; அவர்தான் பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத். பைத்துல் முகத்தஸில் அவர் வழக்கு விசாரித்துக் கொண்டிருந்தபோது உமர் கிலாதி என்ற வணிகர் ஒரு பத்திரத்தோடு வந்தார். "பிரதிவாதி யார்?" என்று கேட்டால், "சுல்தான்" என்கிறார்! ஸுன்குர் என்ற தம் அடிமை இறந்தபின் அவன் விட்டுச்சென்ற சொத்தைச் சுல்தான் எடுத்துக்கொண்டார் என்பது புகார். செய்தி போயிற்று. சுல்தான் தம் மெத்தையை விட்டிறங்கி வணிகருக்குச் சமமாக அமர்ந்தார். அந்த அடிமை அந்தத் தேதியில் எகிப்தில் தம்மிடமே இருந்தான் என்று சாட்சிகளைக் கொண்டு நிரூபித்தார். வழக்குத் தோற்றது. தோற்றவர் வெறுங்கையோடு போகலாகாது என்று வணிகருக்கு அங்கியும் பணமும் கொடுத்தனுப்பினார் சுல்தான்.

அக்கா முற்றுகையின்போது நடந்த ஒன்றை வீட்டுப் பெண்களுக்காகவே சொல்கிறோம். எதிரிக் கூடாரத்திலிருந்து மூன்று மாதக் குழந்தை ஒன்றை நம் பக்கத்துத் திருடர்கள் தூக்கி வந்து விட்டார்கள். தாய் அழுது புலம்பி, சுல்தானிடமே ஓடி வந்தாள். அவருடைய கண் கலங்கியது. விசாரித்தால், குழந்தை சந்தையில் விலை போயிருந்தது. வாங்கியவருக்கு விலையைத் திருப்பிக் கொடுத்து மீட்டார். தாய் அங்கேயே பால் கொடுத்தாள். பிறகு இருவரையும் குதிரையிலேற்றி அவர்கள் பாசறைக்கு அனுப்பினார்.

இனி வணக்க விஷயம். தொழுகையை ஜமாஅத்தோடு தொழுவதில் சுல்தான் விடாப்பிடியானவர் என்கிறார் இப்னு ஷத்தாத். நோயினாலும் போரினாலும் ரமலான் நோன்புகள் சில அவருக்குத் தவறியிருந்தன. எத்தனை நாள் என்ற கணக்கை அவருடைய அமைச்சர் காழி அல் ஃபாழில் குறித்து வைத்திருந்தார். ரிச்சர்டோடு 1192-ல் சமாதானம் ஆனதும், பைத்துல் முகத்தஸில் இருந்துகொண்டு அந்நோன்புகளைக் களாச் செய்யத் தொடங்கினார். உடம்புக்கு ஆகாது என்று ஹகீம் கடிந்துகொண்டார். நாளைக்கு என்ன நேருமோ தெரியாது என்று பதில் சொல்லிவிட்டு, ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து நோற்றார்.

ஹஜ்ஜு மட்டும் முடியவில்லை. போவதற்கு நிய்யத்து இருந்தது, அவகாசமும் பணமும் இல்லை. எகிப்தும் ஷாமும் கையிலிருந்த சுல்தானுக்கு ஹஜ்ஜுக்குப் பணமில்லை! கைக்கு வந்ததெல்லாம் ஸதகாவிலும் படைச் செலவிலும் போயிற்று. ஸகாத் கடமையாகுமளவு அவரிடம் எதுவும் தங்கவேயில்லை.

ஹிஜ்ரி 589 ஸஃபர் மாதத்தில் ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய கூட்டத்தை வரவேற்க டமாஸ்கஸுக்கு வெளியே குதிரையேறிப் போனார். மழைக்காலம். வழக்கமாகப் போடும் பஞ்சு வைத்த அங்கியை அன்று போட மறந்திருந்தார். அன்றிரவே காய்ச்சல் கண்டது. ஸஃபர் 27, 1193 மார்ச் 4-ல் வபாத்தானார். கருவூலத்தைத் திறந்து பார்த்தபோது நாற்பத்தேழு திர்ஹமும் ஒரு பொற்காசும் இருந்தன. கபன், தபன் செலவுக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று.