மழை விட்டது: மலையேறும் முன் ஃபோர்க்கைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து மண்பாதைகள் காயத் தொடங்கியிருக்கின்றன. தை முதல் பங்குனி வரை மவுண்டன் பைக் ஓட்ட அருமையான காலம். ஆனால் போன ஆண்டு ஓட்டிய பாதை இப்போது அப்படியே இருக்காது. மழைத்தண்ணீர் அறுத்த வாய்க்கால்கள் செம்மண்ணில் இறுகிக் கிடக்கும். மண் கரைந்த இடங்களில் வேரும் கல்லும் வெளியே வந்திருக்கும். அவற்றின் அடியை முதலில் வாங்குவது முன் ஃபோர்க். அதுவோ மூன்று மாத ஈரத்தில் நின்ற ஃபோர்க்.

ஆகவே இந்த வாரம் முதலில் அடிபட்ட பாகங்களைத் தேடுங்கள். சஸ்பென்ஷனை அதன்பிறகு அமைக்கலாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். காற்று கசிகிற, அல்லது உள்ளே குழாய் வளைந்து உரசுகிற ஃபோர்க்கில் எவ்வளவு கவனமாக அளவு வைத்தாலும் அது நிற்காது.

சைக்கிளை வாளித் தண்ணீர், மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு கொண்டு கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் நிறுத்தி வேகமாகத் தண்ணீர் அடிக்கச் சொல்லாதீர்கள். ஹப்பிலும் பெடல் அச்சின் பேரிங்கிலும் அது கிரீஸைத் தள்ளிவிட்டு உள்ளே போய் உட்காரும். ஃபோர்க் சீலுக்கும் அதே கதிதான்.

கழுவிக் காய்ந்ததும் ஃபோர்க்கின் பளபளப்பான மேல்குழாய்களை நகத்தால் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் நகத்தில் சிக்காத கீறலை விட்டுவிடலாம். நகம் தட்டுகிற கீறல் சீல் ஏறி இறங்கும் பகுதியில் இருந்தால், ஒவ்வொரு குலுக்கலிலும் அது சீலை அறுக்கும். சிறிய பிசிறு என்றால் 2000 எண் ஈர உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பள்ளத்தில் நகப்பூச்சு நிரப்பிச் சமன்படுத்துவது பல மெக்கானிக்குகள் செய்யும் வேலைதான், நன்றாகவே தாங்கும். நீளமான, ஆழமான கீறலுக்கு அந்த வைத்தியம் உதவாது.

குறைந்த விலை சைக்கிள்களில் வரும் சன்டூர் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். போன்ற ஸ்பிரிங் ஃபோர்க்குகளில் மேல்குழாய் இரும்பு. மேலே குரோம் பூச்சு. மழைக்குப் பிறகு அதில் துருப்புள்ளிகள் வருவது வழக்கம். இப்போதே துடைத்துச் சீலைச் சுற்றி ஆயில் விட்டால் அந்த ஃபோர்க் இன்னும் சில ஆண்டு ஓடும். தோல் உரிகிற அளவுக்குத் துரு ஏறிவிட்டால் ஃபோர்க்கை மாற்றுங்கள்.

அடுத்தது சட்டகம். கீழ்க்குழாயும் ஹெட் டியூபும் சேரும் வெல்டிங், பெடல் அச்சைச் சுற்றிய இடம், பின் ஷாக் மாட்டும் இடம் ஆகியவற்றைத் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழைபோல ஒரு கோடு, அதில் கறுப்பாக அழுக்கு ஏறியிருந்தால் விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் நம் ஊரில் ஒரு பெரிய ஆபத்து: பக்கத்துப் பட்டறையில் கொடுத்து ஒட்டவைத்துவிடலாம் என்ற எண்ணம். இரும்புச் சட்டகத்துக்கு அது நடக்கும். அலுமினியத்துக்கு நடக்காது. 6061 வகை அலுமினியச் சட்டகத்தை ஆலையில் வெல்டிங் முடித்தபின் சுமார் 530 டிகிரி வரை சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி 175 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்துத்தான் அதன் வலுவைக் கொண்டுவருகிறார்கள். பட்டறையில் வைக்கும் வெல்டிங் அந்த இடத்தின் வலுவைப் பாதியாக்கிவிட்டுப் போகும். பார்க்கப் பலமாகத் தெரியும். ஒருநாள் இறக்கத்தில் விட்டுப்போகும். வளைந்த அலுமினிய ஹேண்டில்பாரை நிமிர்த்துவதும் இதே தவறுதான். கார்பன் ஹேண்டில்பார் பாறையில் மோதியிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் கழற்றி வையுங்கள். விழுந்தபோது தலையில் அடிவாங்கிய ஹெல்மெட்டும் அப்படியே.

மற்றவை சுலபம். செயினில் பன்னிரண்டு முழு இணைப்புகள் புதிதில் 304.8 மி.மீ. இருக்கும், 306.3ஐத் தொட்டால் 11, 12 கியர் வண்டிக்குச் செயினை மாற்றிவிடுங்கள், பல்சக்கரம் தப்பிக்கும். ஷிமானோ டிஸ்க் 1.8 மி.மீ.யில் தொடங்கி 1.5க்குத் தேய்ந்தால் ஆயுள் முடிந்தது. பிரேக்கில் மினரல் ஆயில் ஊற்றும் வகையா, டாட் திரவமா என்று லீவரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிப் போகும். டியூப்லெஸ் டயரில் சீலன்ட் நம் வெயிலுக்குச் சில மாதங்களிலேயே காய்ந்துவிடும், திறந்து பாருங்கள்.

இனி சஸ்பென்ஷன். நீங்கள் ஏறி நின்றதும் ஃபோர்க் எவ்வளவு அமிழ்கிறது என்பதுதான் ‘சேக்’. காட்டுப்பாதைக்கு முன் ஃபோர்க்கில் சுமார் 20 சதவீதம், பின் ஷாக்கில் 25 முதல் 30 வரை வைத்துத் தொடங்குங்கள். 120 மி.மீ. ஃபோர்க்கில் அது 24 மி.மீ.; 50 மி.மீ. நீளம் அமுங்கும் பின் ஷாக்கில் 30 சதவீதம் என்றால் 15 மி.மீ. ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும், பெடலில் நின்றபடி அளக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், குழாயில் உள்ள ரப்பர் வளையத்தைச் சீலோடு ஒட்டி வையுங்கள், குதிக்காமல் இறங்குங்கள்; வளையம் நகர்ந்திருக்கும் தூரம்தான் சேக். காற்று ஏற்றும்போது இடையிடையே ஃபோர்க்கையும் ஷாக்கையும் பத்துப் பதினைந்து தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள். அப்போதுதான் உள்ளே பிஸ்டனின் மறுபக்கத்து எதிர் அறைக்கும் காற்று சமமாகப் போய்ச் சேரும். பம்ப்பைக் கழற்றும்போது கேட்கும் ‘உஸ்’ சத்தம் குழாயில் இருந்த காற்றுதான், பயப்பட வேண்டாம்.

இந்த அளவை மலையேறிய பிறகு சரிபாருங்கள். கோவையில் 32 டிகிரியில் பின் ஷாக்குக்கு 180 பி.எஸ்.ஐ. வைத்தால், ஊட்டியின் 12 டிகிரிக் காலையில் அது கிட்டத்தட்ட 170க்கு இறங்கியிருக்கும். குளிரில் உள்காற்றின் அழுத்தம் குறைகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று லேசாவது அதில் ஒரு சிறு பங்கை மட்டுமே ஈடுகட்டுகிறது. டயரில் 25 பி.எஸ்.ஐ. என்றால் இரண்டும் சமமாகி அப்படியே நிற்கும். பம்ப்பை மறுபடி மாட்டும்போது கொஞ்சம் காற்று அதன் குழாய்க்குள் போவதால் முள் குறைத்தே காட்டும். எனவே எண்ணை நம்பாமல் ரப்பர் வளையத்தை நம்புங்கள்.

ரீபவுண்ட் திருகைப் பலர் தொடுவதே இல்லை. உட்கார்ந்தபடி நடைபாதை விளிம்பிலிருந்து இறக்கிப் பாருங்கள். வண்டி ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஆமைப் படம் உள்ள பக்கம் ஒரு கிளிக் திருப்புங்கள். அதிகம் திருப்பினாலும் கெடுதல்தான்: இப்போதுள்ள பாதையில் அடுத்தடுத்து வரும் குழிகளுக்கு ஃபோர்க் மீண்டெழ நேரமின்றிக் கீழேயே கிடந்து கையை வலிக்க வைக்கும்.

பின் ஷாக் தானாகச் சுருங்கி, காற்று ஏற்றியும் விரியாமல் நின்றால், எதிர் அறையில் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. அதை வீட்டில் கழற்றாதீர்கள். பாகங்கள் முகத்தில் தெறிக்கும். ஷாக் சர்வீஸ் தெரிந்தவரிடம் விஷயத்தைச் சொல்லி ஒப்படையுங்கள்.

ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி ஆயில் மாற்றச் சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு என்கிறது. மழையில் ஓட்டியவர்கள் கணக்குப் பார்க்காமல் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. புது ஹேண்டில்பார் கிரிப்புக்கும் பெடலுக்கும் ஒதுக்கிய பணத்தை இந்த முறை சீலுக்கும் ஆயிலுக்கும் கொடுங்கள். சீல் பெரும்பாலும் சொல்லிவைத்துத்தான் வர வேண்டும், அதனால் இன்றே சொல்லிவிடுங்கள். ஃபோர்க், ஸ்டெம், ஹேண்டில்பார் மூன்றில் எதில் சந்தேகம் இருந்தாலும், அது தீரும்வரை இறக்கத்துக்குப் போக வேண்டாம்.