மேட்டில் வண்டி எடுப்பது எப்படி?



கியர் கார் பழகுகிறவர்கள் பெரிதும் தடுமாறுவது மேட்டில்தான். பாலத்து ஏற்றத்தில் நிற்கும் கார் பின்னால் உருண்டால், பின்னே பைக்கில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே இந்தப் பாடத்தை நாம் நிதானமாகப் படிப்போம்.

இன்ஜினையும் சக்கரத்தையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச். முழுதாக மிதித்தால் தொடர்பு அறும். மெல்ல விட்டால் ஓரிடத்தில் பிடிக்கும். அப்போது இன்ஜின் சத்தம் சற்றுத் தணியும். அந்த இடத்தை முதலில் சமதரையில் பலமுறை பழகி, காலுக்குத் தெரியவைப்போம்.

மேட்டில் நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கிளட்சை மிதித்து முதல் கியர் போடுவோம். ஆக்ஸிலேட்டரைச் சிறிது கொடுத்து, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை விடுவோம். வண்டி முன்னே இழுப்பது தெரிந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விடவேண்டும். பின்னால் ஹாரன் அடித்தாலும் அவசரம் வேண்டாம். கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தவும் கூடாது. தகடு தேய்ந்து கருகிவிடும்.

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம் என்கிறது சட்டம். அது குறைந்தபட்சக் கெடு. பின்வாங்காமல் மேடு ஏறப் பழகிய பிறகே நாம் போவோம். பின்னால் நிற்பவர் நம்மை நம்பித்தான் நிற்கிறார்.