தாய்க்கும் பிள்ளைக்கும் பொருந்தும் பாடத்திட்டம்
இல்லக் கல்வியை நாடும் பெற்றோருக்குச் சில குறிப்புகள்

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது பெற்றோரே வீட்டில் வைத்துக் கற்பிக்கும் முறையை இல்லக் கல்வி என்பர். நம் நாட்டில் இது பெருவழக்கில் இல்லை. இங்கு 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பாடசாலைக்குச் செல்வதே வழமை. ஆனால் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழும் நம் உறவினர்க்கு இது புதிய செய்தியன்று. 2020 மார்ச்சில் கொள்ளைநோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இங்குள்ள பெற்றோரும் வீட்டு மேசையில் பாடம் சொல்லிக் கொடுப்பதன் அருமையையும் சிரமத்தையும் ஓரளவு சுவைத்துப் பார்த்தனர்.

இம்முறையை நாடுவோர் முதலிற் கேட்கும் கேள்வி, "எந்தப் புத்தகங்களை வாங்குவது?" என்பதே. நல்ல கேள்விதான். ஆனால் அதற்குமுன் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: "கற்பவர் யார்? கற்பிப்பவர் யார்?" பிள்ளைக்கு எது நல்லது என்று பெற்றோர் நெடுநேரம் ஆராய்கின்றனர். நாள்தோறும் அந்தப் புத்தகத்தைத் திறந்து கற்பிக்கப்போகும் தாய்க்கு அது இயலுமா என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. தாங்க முடியாத திட்டத்தைத் தலையில் ஏற்றிக்கொண்ட தாய் சில மாதங்களிற் சோர்ந்துவிடுகிறாள். அப்போது கெடுவது பாடம் மட்டுமன்று. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள உறவும் நோகத் தொடங்குகிறது. எனவே பாடத்திட்டம் இருவருக்கும் பொருந்தவேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

1. பொறுப்பு யாருடையது?

பிள்ளைகளுக்கு முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்பது திருச்சபையின் போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் ஆண்டில் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை இதனைத் தெளிவாகக் கூறுகிறது. பாப்பரசர் 2-ம் அருளப்பர் சின்னப்பரும் குடும்பம் பற்றி 1981-ல் எழுதிய மடலில் இதனை வலியுறுத்தினார். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இப்பொறுப்பு உண்டு, அனுப்பாதவர்க்கும் உண்டு. ஆனால் எந்த முறையிற் கற்பிக்கவேண்டும், எந்தப் புத்தகத்தை வாங்கவேண்டும் என்று திருச்சபை கட்டளையிடவில்லை. அதனைப் பெற்றோரின் விவேகத்துக்கே விட்டிருக்கிறது.

நாட்டுச் சட்டத்தை அறிவதும் அந்த விவேகத்தின் ஒரு பகுதி. ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இல்லக் கல்விக்கு இடமுண்டு. ஆயினும் ரெக்சாஸ் மாநிலத்தில் அரசுக்கு அறிவித்தலே தேவையில்லை. நியூயோர்க்கிலோ ஆண்டுத் திட்டத்தை எழுதிக் கொடுத்துக் காலாண்டு அறிக்கைகளும் அனுப்பவேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பெற்றோர் பாடசாலைச் சபைக்கு எழுத்தில் அறிவிப்பது முறை. ஜேர்மனியில் மிக அரிதான விதிவிலக்குகள் தவிர இதற்கு இடமேயில்லை. விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலால் புத்தகம் வாங்குமுன் அவ்விடத்துக் கல்வி அதிகாரிகளிடம் கேட்டறிதல் நன்று.

2. நால்வகை வழிகள்

கடைகளிலும் பட்டியல்களிலும் காணப்படும் திட்டங்கள் நூற்றுக்கணக்கானவை. அவற்றின் வேர்களை நோக்கினால் பெரும்பாலானவை நான்கு வகைக்குள் அடங்கும்.

முதலாவது, தபால்வழிப் பாடசாலை. அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலுள்ள கல்வேர்ட் பாடசாலை 1906-ல் தன் பாடங்களைப் பெட்டியில் இட்டு வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. தூர தேசங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல இதனாற் பயன்பெற்றன. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென வேர்ஜினியா மாநிலத்தில் 1980-ல் ஆரம்பமான சீற்றன் இல்லப் பாடசாலையும் இவ்வகையினதே. புத்தகம், பயிற்சிக் கொப்பி, நாளாந்தப் பாட அட்டவணை, பரீட்சை யாவும் வந்து சேரும். விடைகளைத் திருத்தியும் தருவர். தனக்கு நம்பிக்கை போதாத தாய்க்கு இது ஊன்றுகோல். ஆனால் எழுத்துவேலை மிகுதி. ஓடியாடும் சிறுவனுக்கு அதுவே சுமையாகலாம்.

இரண்டாவது, சார்ளற் மேசன் அம்மையாரின் வழி. 1842 முதல் 1923 வரை வாழ்ந்த இந்த ஆங்கிலேய ஆசிரியை, 1886-ல் இல்லக் கல்வி பற்றிய நூலை வெளியிட்டார். சுருக்கக் குறிப்புகளாலான பாடநூலுக்குப் பதிலாக உயிருள்ள நல்ல நூல்களை வாசித்துக் காட்டுக; கேட்டதைப் பிள்ளை தன் சொந்தச் சொற்களிற் திருப்பிச் சொல்லட்டும்; எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு பாடம் 20 நிமிடத்துக்கு மேற் செல்லலாகாது; நாள்தோறும் வெளியே சென்று செடியையும் பறவையையும் கவனிக்கட்டும் என்றார். இதற்குச் செலவு குறைவு. ஆனால் தாய் வாய்விட்டு வாசிக்கவேண்டும். கைக்குழந்தையோடு அல்லாடுபவளுக்கு அது எளிதன்று.

மூன்றாவது, மரபுவழிக் கல்வி. இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என்ற பழைய ஐரோப்பியப் படிமுறையை எழுத்தாளர் டொறதி சேயர்ஸ் அம்மையார் 1947-ல் ஒக்ஸ்போர்ட்டில் நிகழ்த்திய உரையில் மீண்டும் நினைவூட்டினார். சிறுவயதில் மனனம், அடுத்து ஆராய்ந்து வாதிடல், பின்னர் அழகுறப் பேசி எழுதுதல் என்பது ஒழுங்கு. இலத்தீன் மொழியும் பெரும்பாலும் இடம்பெறும். ஒழுங்கை விரும்பும் பிள்ளைக்கு இது சுவைக்கும். தாயும் பிள்ளையோடு சேர்ந்து படிக்க ஆயத்தமாக இருக்கவேண்டும்.

நான்காவது, பிள்ளையின் விருப்பத்தை முன்னிறுத்துவது. மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907-ல் உரோமையின் ஓர் ஏழைக் குடியிருப்பில் ஆரம்பித்த சிறுவர் இல்லம், கைகளால் தொட்டுச் செய்து கற்பதன் வலிமையைக் காட்டியது. அவரிடம் பொருட்களும் சூழலும் ஒழுங்காக ஆயத்தம் செய்யப்பட்டிருக்கும். அமெரிக்கரான ஜோன் ஹோல்ற் 1977-ல் ஒரு சஞ்சிகையை ஆரம்பித்து, வகுக்கப்பட்ட பாடத்திட்டமே வேண்டாம் என்னும் அளவுக்குச் சென்றார். இவ்வழியிற் செல்லும் பெற்றோருக்கு மிகுந்த பொறுமையும், பிள்ளையை உற்றுக் கவனிக்கும் கண்ணும் வேண்டும்.

3. பிள்ளையை அறிதல்

ஒரே வயிற்றிற் பிறந்த பிள்ளைகளும் ஒரேவிதமாகக் கற்பதில்லை. ஒருவன் கேட்டதை மறவான். ஒருத்தி எழுதினாலன்றி நினைவில் வைக்கமாட்டாள். இன்னொருவனுக்குக் கையிற் பொருள் வேண்டும். வயதைப் பார்த்து வகுப்புப் புத்தகத்தை வாங்குவது பெருந்தவறு. பத்து வயதுப் பிள்ளை வாசிப்பில் 6-ம் வகுப்புத் தரத்திலும் கணக்கில் 3-ம் வகுப்புத் தரத்திலும் இருக்கலாம். பாடசாலையில் அதற்கு வழியில்லை, வீட்டில் உண்டு. பல பதிப்பகங்கள் தரம் அறியும் சிறு பரீட்சைகளை இலவசமாகத் தருகின்றன. அவற்றைச் செய்வித்த பின்னரே நூலை வாங்குக. பாடசாலையிலிருந்து அண்மையில் விலகிய பிள்ளையானால், அதன் மனம் ஆறுவதற்குச் சில வாரங்கள் அவகாசம் கொடுப்பதும் அவசியம்.

4. தாயும் தன்னை அறிதல்

கற்பிப்பவர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. எனக்கு நாளுக்கு எத்தனை மணிநேரம் உண்மையில் உண்டு? எந்தப் பாடத்தில் எனக்குத் தெம்புண்டு, எதில் அச்சமுண்டு? அட்டவணை இருந்தால் நிம்மதியா, நெருக்கடியா? தந்தை எதனைக் கற்பிப்பார்? தந்தைக்கும் இதிற் பங்குண்டு. இரவில் அரை மணிநேரம் வரலாறு வாசித்துக் காட்டும் தந்தை, தாயின் சுமையிற் பாதியைத் தூக்குகிறார்.

கணக்குப் பாடத்தையே உதாரணமாகக் கொள்வோம். சக்ஸன் என்ற அமெரிக்கக் கணக்கு வரிசை, ஒவ்வொரு பாடத்திலும் புதிதாகச் சிறிதளவு சொல்லி, பழையதை நாள்தோறும் மீட்டிக்கொண்டே செல்லும். கணக்குக்கு அஞ்சும் தாய் அதன் விளக்கத்தை அப்படியே பின்பற்றலாம். ஆனால் விரைவில் விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த மீட்டல் சலிப்பூட்டும். 1982-ல் சிங்கப்பூரில் அறிமுகமான ஆரம்பக் கணித நூல்களோ முதலிற் பொருள், பின்னர் படம், அதன்பின் இலக்கம் என்று செல்லும். பக்கங்கள் குறைவு, சிந்தனை அதிகம். ஆயினும் கற்பிப்பவர் தாமே விளங்கி விளக்கவேண்டும். இவற்றுள் எது சிறந்தது? இந்தத் தாய்க்கும் இந்தப் பிள்ளைக்கும் எது பொருந்துமோ அதுவே சிறந்தது.

5. ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம்

ரொறன்ரோ நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தந்தை இரவுவேலை. தாய் யாழ்ப்பாணத்தில் உயர்தரத்திற் கணிதம் படித்தவள். ஆங்கிலக் கட்டுரை திருத்துவதற்கு மட்டும் தயங்குகிறாள். பிள்ளைகளுக்கு வயது 11, 8, 5. மூவருக்கும் மூன்று முழுத் திட்டங்களை வாங்கினால் தாய்க்கு நாளொன்றில் பதினைந்துக்கு மேற்பட்ட பாடங்கள் வரும். இரண்டாம் மாதத்தில் வீட்டிற் சத்தமும் கண்ணீருமே மிஞ்சும்.

இவ்வாறு செய்யலாம். மூத்தவளின் ஆங்கிலத்துக்கு மட்டும், கட்டுரைகளைத் திருத்தித் தரும் தபால்வழிப் பாடம். கணக்கைத் தாயே தமிழில் விளக்கிக் கற்பிக்கலாம். அது அவள் பலம். மறைக்கல்வி, வரலாறு, விஞ்ஞானம் ஆகியவற்றை மூவரையும் ஒன்றாக இருத்தி ஒரே நூலிலிருந்து வாசிக்கலாம். மூத்தவள் கேட்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். பென்சிலைக் கண்டால் முகம் சுளிக்கும் நடுப்பிள்ளை வாயாற் சொல்லட்டும். சின்னவன் படம் கீறட்டும். சின்னவனுக்குப் பொத்தான்களை எண்ணும் கணக்கும் எழுத்தும் தலா பதினைந்து நிமிடம் போதும். தந்தை மாலையில் வேலைக்குப் புறப்படுமுன் நடுப்பிள்ளையின் வாசிப்பைக் கேட்கலாம். கணக்கும் வாசிப்பும் தரத்துக்கேற்பத் தனித்தனி, மற்றவை கூட்டாக. பல பிள்ளைகளுள்ள வீடுகளுக்கு இது பொன்னான விதி.

6. தமிழுக்கு ஓர் இடம்

வேர்ஜினியாவிலிருந்து வரும் பெட்டியில் தமிழ் இராது. புலம்பெயர்ந்த வீட்டில் பாடத்திட்டம் நாளின் எல்லா மணிநேரத்தையும் விழுங்கிவிட்டால், முதலிற் கைவிடப்படுவது தாய்மொழியே. தாத்தா பாட்டியோடு பேச மொழியற்ற பிள்ளை எத்தனை பாடங்களிற் சித்தியடைந்தாலும் ஒரு பெருஞ்செல்வத்தை இழந்துவிடுகிறது. இல்லக் கல்வியின் பெரும்பேறு, வீட்டு மொழியிலேயே கற்பிக்கலாம் என்பதே. நாளும் அரை மணிநேரம் தமிழ் வாசிப்புக்கென ஒதுக்கிவிட்டு, மிகுதி நேரத்துக்கு ஏற்ற திட்டத்தைத் தேடுக.

7. வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

மாதிரிப் பக்கங்களை வாசித்துப் பார்க்காது எதனையும் வாங்காதீர்கள். கூடுமானால் ஒரு பாடத்தைப் பிள்ளையோடு செய்து பாருங்கள். முழு ஆண்டுக்கும் ஒரேயடியாக வாங்காது, கணக்கும் வாசிப்பும் முதலில் ஒழுங்காகட்டும். எழுதித் தீரும் பயிற்சிக் கொப்பிகளைவிட, தம்பி தங்கைக்கும் பயன்படும் நூல்கள் சிக்கனமானவை. பொதுநூலகத்தையும் மறவாதீர்கள். பிற்காலத்தில் எந்தப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும், பாடசாலைக்குத் திரும்ப நேர்ந்தால் எந்த வகுப்பிற் சேரலாம் என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

தொடங்கியபின் ஒரு தவணையாவது பொறுமையாக நடத்துங்கள். ஒரு கடினமான வாரத்துக்காகத் திட்டத்தை மாற்றுவது சரியன்று. ஆனால் ஒரு தவணை கழிந்தும் பிள்ளை முன்னேறாமல், நாள்தோறும் கண்ணீரோடு புத்தகம் மூடப்படுமானால் மாற்றத் தயங்காதீர்கள். புத்தகம் ஒரு வேலைக்காரன்; அவனை எசமானாக்குதல் ஆகாது. ஒவ்வொரு பக்கத்தையும் முடித்தே தீரவேண்டும் என்பதில்லை. நேர்மையாக முயன்றபின், இந்த ஆண்டு பிள்ளைக்குப் பாடசாலையே நல்லது என்று தோன்றினால் அதுவும் தோல்வியன்று. பெற்றோரின் பொறுப்பு அப்போதும் அவர்களிடமே இருக்கிறது.

இதனை இங்குள்ள பெற்றோரும் தமக்கெனக் கொள்ளலாம். மாலையில் எந்த ரியூசன், எந்தப் பயிற்சிப் புத்தகம் என்று தெரிவு செய்கையிலும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எது நன்றாக இருந்தது என்று மட்டும் பார்த்தல் போதாது. உங்கள் பிள்ளை எவ்வாறு கற்கிறது, வீட்டில் அதற்குத் துணைநிற்க உங்களால் எவ்வளவு இயலும் என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கேட்டா, எழுதியா, செய்து பார்த்தா எளிதிற் கற்கின்றனர்?
2. கற்பிப்பதில் தாய்க்கு எது இலகு, எது சுமை? தந்தை ஏற்கக்கூடிய பங்கு எது?
3. நம் வீட்டு நாளில் தமிழுக்கும் செபத்துக்கும் விளையாட்டுக்கும் எவ்வளவு நேரம் எஞ்சுகிறது?