கணக்குப் பார்த்தவரே மின்சாரமும் விற்றால்?

கம்பெனிகளின் கணக்கைக் கண்காணித்த அதிகாரி, பதவி முடிந்ததும் மின்சாரக் கம்பெனியின் தலைவராக அமர்வதை உலகின் பல நாடுகளில் காண்கிறோம். இது முறையா? இதற்கு ஒரு பழைய பாடம் நம் தங்கவயலிலேயே உண்டு. அங்கே நாற்காலி மாறியது தனி மனிதர் அல்லர், ஓர் அரசாங்கமே!

பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்திரி ஐயர் 1883 முதல் 1901 வரை மைசூர்த் திவானாக இருந்தார். மைசூர் மைன்ஸ் முதலிய சுரங்கங்களில் எடுத்த தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு 5 பங்கு அரசாங்கத்துக்குச் சேரும். ஆகவே அரசாங்கம் அன்று கணக்குப் பார்த்துப் பங்கு பெறும் இடத்தில் இருந்தது.

சுரங்க இயந்திரங்களோ நீராவியால் ஓடின; எரிபொருட் செலவு மிகுதி. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் தரலாம் என்று பொறியாளர் லாட்பினியர் திட்டம் தீட்டினார். திவான் துணிந்தார், சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் கம்பெனியுடன் ஒப்பந்தமும் ஆயிற்று.

தூரமோ 92 மைல்! இயற்பியல் பயிலும் எனக்கு இதுவே பெருவியப்பு. கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல், மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் 10 மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலை அனுப்ப ஓட்டம் பத்தில் ஒன்று போதும். இழப்போ நூற்றில் ஒன்றாகிவிடும். இந்த விதியை நம்பி உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பினர். 1902 ஜூன் 30-இல் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. ஐயர் அதைக் காணவில்லை, 1901-இலேயே மறைந்தார். 1905-இல் பெங்களூரும் ஒளி பெற்றது.

நன்மை பெரிது, மறுக்க இயலாது. ஆனால் பங்கு வாங்குபவரும் மின்சாரம் விற்பவரும் ஒருவரே ஆனார். 1956-இல் சுரங்கங்களும் மைசூர் அரசாங்கத்தின் உடைமையாயின; 1962-இல்தான் மத்திய அரசுக்குச் சென்றன. இடைப்பட்ட காலத்தில் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரே! விலை நியாயமா என்று கேட்க மூன்றாவது ஆள் எங்கே?

அந்த மூன்றாவது ஆள் வர நெடுங்காலம் ஆயிற்று. 1999-இல் கருநாடகத்தில் மின்கட்டணத்தைத் தீர்மானிக்கத் தனி ஆணையம் அமைந்தது. 2001-இல் சுரங்கங்களே மூடப்பட்டன. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், ஆணைய உறுப்பினர் பதவி நீங்கிய பின் 2 ஆண்டுகள் வணிக நிறுவனப் பணி ஏற்கலாகாது என்கிறது.

நம்மில் சிலர் நாளை ஆணையத்தில் அமரலாம். சிலர் கம்பெனியில் அமரலாம். இரண்டும் நற்பணியே. ஆனால் தராசு பிடிப்பவர் கடைக்காரராகவும் இருந்தால், எடையைச் சரிபார்க்க வேறொருவர் வேண்டும். அறிவும் துணிவும் உள்ள திவானுக்கும் இது பொருந்தும், நமக்கும் பொருந்தும்.