வியர்க்கும் சட்டையா, நடக்க விடும் சட்டையா? தங்கவயல்காரர்களுக்கு ஓர் உடை வழிகாட்டி

எடை குறைக்க நடக்கத் தொடங்கும் பலர் முதலில் வாங்குவது செருப்பையோ ஷூவையோ அல்ல, வியர்வைச் சட்டையை. பிளாஸ்டிக் பூசிய ‘சானா’ சூட், வயிற்றில் சுற்றும் ரப்பர் பெல்ட், அதுவும் இல்லையென்றால் பழைய ரெயின்கோட். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கொழுப்பு கரைந்து ஒழுகுகிறது என்று நம்ப அது போதும்.

கோலார் தங்கவயலில் இந்த நம்பிக்கை செல்லுபடியாகக் கூடாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் மேலே குளிர்பதன இயந்திரம் வைத்துக் காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பியதால்தான் ஆள் நிற்க முடிந்தது. 1940-களில் கேப்லன், லிண்ட்சே என்ற இருவர் இங்கத்தித் தொழிலாளர்களை வைத்தே ஆராய்ந்தார்கள். காற்றில் சூடும் ஈரமும் ஏற ஏற, ஒரு ஆள் செய்யக்கூடிய வேலை இறங்கிக்கொண்டே வந்தது. சானா சூட்டுக்குள் நடப்பதும் அதேதான். தோலை ஒட்டிச் சூடான ஈரக்காற்று தங்கிவிடுகிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். பிளாஸ்டிக்குக்குள் அது ஆவியாக வழியில்லை. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், ஒரு மணி நேரம் நடக்க வேண்டியவர் அரை மணியில் உட்கார்ந்துவிடுவார். கூடுதலாக எரிந்த கொஞ்சநஞ்சக் கலோரியும் அதோடு போயிற்று.

இதை நீங்களே சோதித்துப் பாருங்கள், முதல் வேலை அதுதான். நடக்கப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, மெல்லிய உடையில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் நடந்து வந்து, உடம்பைத் துடைத்து, அதே அளவு காய்ந்த உடையில் மறுபடி ஏறி நில்லுங்கள். எடை அரை கிலோ குறைந்திருக்கலாம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் செலவாவது சுமார் 250 கிலோகலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700. அப்படியானால், முழுக்கக் கொழுப்பே எரிந்தது என்று வைத்தாலும் 30 கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மீதி தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் திரும்பிவிடும். கரைகிற கொழுப்பிலும் பெரும்பங்கு கரியமில வாயுவாக மூச்சில்தான் போகிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நடந்ததை நாடே பார்த்தது. காலையில் 50 கிலோவுக்குள் இருந்தவர், அன்றைய போட்டிகள் முடிந்து உண்டு குடித்தபின் இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருந்தார். இரவெல்லாம் வியர்வை சிந்தியும் மறுநாள் காலை 100 கிராம் மிஞ்சி நின்றது. மல்யுத்தக்காரர்கள் நீரை வடிப்பது சில மணி நேரத்துக்குத் தராசை ஏமாற்ற. நமக்கு அந்த வேலை எதற்கு? 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படிக் காற்றுப்புகா உடையில் எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன்பின் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைகளுக்குத் தடை வந்தது.

அப்படியானால் உடை பொருட்டே இல்லையா? உண்டு, வேறு விதத்தில். எடை இறங்குவது சாப்பாட்டிலும் மாதக்கணக்கான நடையிலும். எந்த உடையில் நாளையும் கிளம்பத் தோன்றுகிறதோ அதுவே எடை குறைக்கும் உடை.

துணியைத் தேர்ந்தெடுக்கலாம். பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த பனியன் கனத்துத் தோலை உரசும். அரை மணி நடைக்குப் பழைய பருத்தி டீ-ஷர்ட்டே போதும், புதிதாக வாங்க வேண்டாம். ஓடுபவர்களுக்கும் ஒரு மணிக்கு மேல் நடப்பவர்களுக்கும் மெல்லிய, கண்ணி விட்ட பாலியஸ்டர் நல்லது. ஈரத்தைப் பரப்பிச் சீக்கிரம் காயும். நாற்றம் மட்டும் பிடித்துக்கொள்ளும், வந்த உடனே அலசிப் போடுங்கள்.

நம் ஊர் 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை விடியலில் குளிர் உறைக்கும். ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட, மெல்லிய சட்டைமேல் ஜிப் வைத்த ஒன்று மேல். பத்து நிமிடத்தில் உடம்பு சூடானதும் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். சித்திரையில் வெளிர்நிறத் தளர்ந்த சட்டை, தொப்பி; எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில், சுரங்கக் கழிவுத் தூள் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் போகாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சுச் சளியோடு இருக்கும் தாத்தாக்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. புடவையிலேயே நடக்கும் அம்மாக்கள் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பாவாடை நாடா இறுகின இடத்தில் வியர்வை தேங்கி, தோல் கறுத்து அரிக்கும். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் அந்தத் தொல்லை குறையும். சுடிதார் போடுபவர்கள் துப்பட்டாவை முடிச்சிட்டுக்கொள்ளலாம். மார்பை நன்றாகத் தாங்கும் உள்ளாடைக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். அது சரியில்லாமல்தான் பலர் வேகநடையை விட்டுவிடுகிறார்கள். தொடை உரசினால் வாசலின் தடவிக்கொள்ளலாம்.

கணக்கு வைப்பதையும் மாற்றுங்கள். தினமும் எடை பார்க்க வேண்டாம், வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் போதும். கூடவே தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்குமேல் போனால் கவனிக்க வேண்டும். ரப்பர் பெல்ட் அவிழ்த்தவுடன் குறைந்ததாகத் தெரியும் அளவை எழுதாதீர்கள், மாலைக்குள் பழையபடி ஆகிவிடும்.

இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்த வகையிலும் வியர்வையைக் கூட்ட முயலக் கூடாது. நடக்கும்போது தலை சுற்றினாலோ, குமட்டினாலோ நிழலில் உட்கார்ந்து, மேல்சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் குடித்து, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடையுங்கள். பேச்சு குழறினால், நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.